என் வலக்கையின் மீதான விசாரணை

1

மன்னாரில் எல்லாரும் நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இன்றைக்கு எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நலமாகவே இருங்கள், விசயத்தைக் கேளுங்கள். இங்கே மொன்றியலில், நான் வேலை செய்கிற கம்பனியில், என்னுடைய வலக்கையை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்! இடக்கை நல்ல பிள்ளை, அதன்மேல் முறைப்பாடு கிடையாது. கால்கள் குற்றமற்றவை. கண்கள்கூட ஏறத்தாழத் தப்பிவிட்டன. வலக்கை மட்டும் மாட்டிக்கொண்டது.

நான் ஒரு சலவைக் கம்பனியில் வான் ஓடுகிறேன். ஆஸ்பத்திரிகளுக்கும் வயோதிபர் இல்லங்களுக்கும் துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் இறக்குவது, அழுக்கானதை ஏற்றி வருவது. பேசாலையில் என் மாமியார் "மருமகனுக்கு ஆஸ்பத்திரியிலை வேலை" என்று சொல்லித் திரிவதாகக் கேள்வி. பொய்யில்லை. ஆஸ்பத்திரியின் பின்கதவு வரைக்கும் எனக்கு வேலை உண்டு.

போன குளிர்காலத்தில் எங்கள் கம்பனி வான் ஒன்று சைக்கிளில் வந்த ஒரு பெடியனை மோதிவிட்டது. பெடியன் பிழைத்துக்கொண்டான், கால்தான் முறிந்தது. வானை ஓடியவர் அந்த நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு எல்லா வானிலும் கண்ணாடிக்கு மேலே ஒரு பெட்டியைப் பூட்டினார்கள். பெட்டிக்கு இரண்டு கண். ஒன்று வீதியைப் பார்க்கும், மற்றது என்னைப் பார்க்கும். என்னைப் பார்க்கிற கண்ணுக்கு மூளையும் உண்டு. போன் பிடித்தால், சிகரெட் பத்தினால், சாப்பிட்டால், தூங்கி விழுந்தால் "பீப்" என்று கத்தும். கத்துவதோடு நிற்காது, அந்தக் காட்சியைச் சின்னப் படமாக வெட்டிக் கந்தோருக்கு அனுப்பிவிடும்.

படங்கள் கூடினால் ஆளை வீதியிலிருந்து இறக்கி, அழுக்குத் துணி பிரிக்கிற மண்டபத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே என்னென்ன வரும் என்று நான் விபரிக்க மாட்டேன். உங்களில் சிலர் சாப்பிட்டுக்கொண்டு வாசிப்பீர்கள்.

எனக்கென்ன பயம்? நான் சிகரெட் பத்துவதில்லை. போன் சேட்டுப் பைக்குள் கிடக்கும். உண்மையைச் சொன்னால் முதல் கிழமை எனக்கு உள்ளூரச் சந்தோசம். இவ்வளவு காலமாக இந்த நாட்டில் என்னை ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது ஒருவர் நாள் முழுக்க வைத்த கண் வாங்காமல் பார்க்கிறார்! தலை இழுத்துச் சீவி, சேட்டு அயன் பண்ணி, மீசைக்குக்கூட மை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மனைவி ஒருமாதிரிப் பார்த்தாள்.

இரண்டாம் கிழமை பெட்டி கத்தத் தொடங்கியது. ஒரு சந்தியில் பீப். அடுத்த சந்தியில் பீப். ஆற்றுப் பக்கம் திரும்பினால் பீப், பீப். நான் கையில் ஒன்றும் வைத்திருக்கவில்லை. வாயிலும் ஒன்றுமில்லை. பெட்டிக்குத்தான் ஏதோ வருத்தம் என்று நினைத்து அதன் தலையில் மெல்லத் தட்டிக்கொடுத்தேன். அதற்கும் பீப்.

பிறகு கந்தோரிலிருந்து செய்தி வந்தது. "வாகனம் ஓடும்போது தொலைபேசிப் பாவனை, பலமுறை. விசாரணைக்குச் சமுகமளிக்கவும்." கூடவே நாலைந்து படங்கள்.

சனிக்கிழமை காலை குசினி மேசையில் என் மகள் ஷெரின்தான் படங்களைப் போட்டுக் காட்டினாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என்னோடு தமிழ், தாயோடு பாதித் தமிழ், போனோடு பிரெஞ்சு. முதல் படம் ஓடியது. மீசை மினுங்க நான் வான் ஓடுகிறேன். திடீரென்று வலக்கை எழும்புகிறது. நெற்றிக்குப் போகிறது. நெஞ்சு, இடத்தோள், வலத்தோள். கடைசியில் விரல் நுனியை உதட்டில் வைத்து ஒரு முத்தம்.

ஷெரின் கதிரையிலிருந்து வழுக்கி விழாத குறையாகச் சிரித்தாள்.

"அப்பா! நீங்கள் சிலுவை போடுறியள்! கை நெத்திக்குப் போக, அது போன் எண்டு நினைக்குது. விரலுக்கு முத்தம் குடுக்க, சாப்பாடு எண்டு நினைக்குது!"

"நான் சிலுவை போட்டதே எனக்குத் தெரியாதே, பிள்ளை."

"எல்லாப் படத்திலையும் போட்டிருக்கிறியள். இஞ்ச பாருங்கோ, இது கோயிலே இல்லை. கோயிலை வித்துப்போட்டினம். இப்ப உள்ளுக்கை சனம் கயிறு கட்டிச் சுவர் ஏறி விளையாடுது."

இந்த நகரத்தைக் கட்டினவர்கள் கோயில் கட்டக் களைக்காதவர்கள். சந்திக்குச் சந்தி கூரான கோபுரமும் சிலுவையும் நிற்கும். உள்ளே பூசை நடக்கிறதா, தொடர்மாடி வீடுகள் வந்துவிட்டனவா என்று என் கை விசாரித்துப் பார்ப்பதில்லை. கோபுரத்தைக் கண்டால் எழும்பிவிடும்.

2

இந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்களே அந்த வழக்கின் சாட்சிகள். ஆனாலும் சொல்லுகிறேன், சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஊரில் நான் பஸ் ஓடினவன். முதலில் பேசாலை மன்னார் ஓட்டம். சண்டை நின்று பாதை திறந்த பிறகு இலுப்பைக்கடவை வரைக்கும் நீட்டினோம். கொண்டக்டர் என் கூட்டாளி சில்வேஸ்டர். வழியெல்லாம் கோயில், கோயில் இல்லாத இடத்தில் வீதியோரம் ஒரு சுருவக் கூடு, அதற்குள் மாதாவோ அந்தோனியாரோ நிற்பார். இரண்டுக்கும் நடுவில் கழுதைகள் நிற்கும். மன்னார்க் கழுதை ஹோர்னுக்கு விலகுவதில்லை என்பது உலகறிந்த விசயம்.

அங்கே ஸ்டியரிங் வலப்பக்கம். இடக்கை கியரில், வலக்கை ஸ்டியரிங்கில். சிலுவை போட வலக்கையை எடுத்தால் ஸ்டியரிங்கில் ஒரு கையும் இல்லை! அந்த ஒன்றிரண்டு விநாடி பஸ்ஸை ஓடினது நானில்லை. யார் ஓடினார் என்று எனக்குத் தெரியாது, ஒரு நாளும் இடிபடவில்லை என்பது மட்டும் தெரியும்.

சாரதி கும்பிடுகிறானா என்று பார்க்கிறதுக்கு அங்கேயும் கண்காணிப்பு இருந்தது. அதன் பெயர் திரேசக்கா. மீன் கடகத்தோடு ஏறி எனக்குப் பின் சீற்றில்தான் இருப்பார். ஒரு நாள் அந்தோனியார் கூட்டுக்குக் கிட்டக் கழுதை ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் பிடித்து, ஹோர்ன் அடித்து, கழுதையை ஏசி முடிய அந்தோனியார் பின்னுக்குப் போய்விட்டார்.

"தம்பி, நிப்பாட்டு பஸ்ஸை."

"என்னக்கா, இறங்கப் போறியளோ?"

"நீ அந்தோனியாருக்குக் கும்பிடேல்லை."

"கழுதை குறுக்கை வந்ததக்கா."

"கழுதை கண்ணிலை பட்டுது, அந்தோனியார் படேல்லையோ? எடு பின்னாலை."

நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். பஸ்ஸுக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. முசலிக்குப் போக மன்னாரில் பஸ் மாறவேண்டிய முஸ்லிம் நானா ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார், "எடுங்க தம்பி, எடுங்க. இந்தக் கிழமை ரோட்டும் சரியில்லை." மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய அம்மா ஒருவர், நெற்றியில் திருநீறு, அவரும் தலையை ஆட்டினார். சில்வேஸ்டர் இறங்கிப் பின்னால் நின்று "வா வா வா" என்று கைகாட்ட, நான் பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்து அந்தோனியாருக்கு நேரே நிறுத்தி, முழுப் பயணிகளும் பார்க்க, ஒழுங்காகச் சிலுவை போட்டேன். பிறகுதான் திரேசக்கா, இறங்கிவிடத் தயாராகக் கடகத்தில் வைத்திருந்த கையை எடுத்தார்.

அங்கே கையை எடுக்காவிட்டால் குற்றம். இங்கே எடுத்தால் குற்றம். ஒரே கை, ஒரே மனுசன்!

இன்னொரு கண்காணிப்பும் இருந்தது. ஆமியின் சோதனைச் சென்றியில் எல்லாரும் இறங்கி வரிசையாக நடக்க வேண்டும். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டு ஆமிக்காரன் "கொஹேத யன்னே?" என்பான். எங்கே போகிறாய் என்பதுதான் கேள்வி. நான் எங்கே போகிறேன், ஏன் போகிறேன், எப்போது திரும்புவேன், சோற்றுப் பார்சலில் என்ன கறி, அவ்வளவும் சொல்லுவேன். ஒரு முறை மனைவி பிள்ளைத்தாச்சி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவன் கேட்கவேயில்லை! அடுத்த மாதம் என்னைக் கண்டவுடன் அவன் அட்டையைப் பார்க்காமலே "பேபி கோமத?" என்று சுகம் விசாரித்தான். துவக்கு வைத்திருந்தவன்தான், ஆனாலும் முகம் இருந்தது. திரேசக்காவுக்கும் முகம் இருந்தது. அந்த முகத்தோடு சண்டை பிடிக்கலாம், சமாதானம் ஆகலாம், ஒரு நாள் அவருடைய கடகத்தை இறக்கிக் கொடுக்கலாம். இந்தப் பெட்டிக்கு நான் என்னத்தை இறக்கிக் கொடுக்க?

3

இனி மிஷலீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதி. ஹெயிட்டி நாட்டுப் பெண், என்னைவிடப் பெரிய வான் ஓடுகிறாள், ஓடும்போது ஞானப் பாட்டுப் பாடுவாள். படங்களைக் காட்டினேன். சாப்பாட்டு மண்டபம் அதிரச் சிரித்தாள். மிஷலீனும் மற்றவர்களும் பேசிய பிரெஞ்சைப் பேசாலைத் தமிழில்தான் தருகிறேன். எனக்கு விளங்கினது அப்படித்தான்.

"யூட், இது மெசினுக்கு விளங்காது. எங்கடை நாட்டிலை பஸ்ஸிலையே செபமெல்லாம் எழுதி வைச்சிருப்பினம், சாரதி கை தூக்கத் தேவையில்லை. நீ தப்பிறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, சண்டை. மற்றது, கந்தோர் தாற படிவம். அதை நிரப்பினால் உன்ரை கையைக் கண்டுகொள்ளாதே எண்டு மெசினுக்குச் சொல்லிவிடுவினம்."

"படிவம் நல்லது. சண்டை வேண்டாம்" என்றேன். நான் சமாதானப் பிரியன். பயந்தவன் என்றும் சொல்லலாம்.

படிவத்தைக் கண்டபிறகுதான் சண்டையின் அருமை தெரிந்தது. உங்கள் சமயம் என்ன? இந்தச் சைகை உங்கள் சமயத்தால் கட்டாயப்படுத்தப்பட்டதா? எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் செய்வீர்கள்? இனிமேலும் தொடர்ந்து செய்ய எண்ணியிருக்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் ஷெரினின் உதவியோடு பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிக் கேள்வியில் பேனை நின்றுவிட்டது.

"இது உங்கள் உண்மையான விசுவாசத்தின்படி செய்யப்படுகிறதா? ஆம், இல்லை."

ஆம் என்று போடப் போனேன். கை போகவில்லை. கோபுரத்தைக் கண்டால் தானாக எழும்புகிற அதே கை!

ஊரில் ஞாயிறு பூசைக்குப் போகாவிட்டால் திங்கள் காலை மீன் வாங்கப் போகிற இடத்தில் கேட்பார்கள். இங்கே கேட்க ஆளில்லை. நத்தாருக்குப் போவேன், பாஸ்காவுக்குப் போவேன். மன்னார்ச் சனம் கூடி மடு மாதா திருநாள் வைத்தால் தவறாமல் போவேன், ஆனால் அதில் பாதி பக்தி பிறகு பரிமாறுகிற இறைச்சிக் கறிக்கு. பிரசங்கத்தில் நித்திரை. என் கைக்கு விசுவாசம் இருப்பது நிச்சயம். எனக்கு?

"அப்பா, நீங்கள் உண்மையா நம்பிறியளோ?" ஷெரின் கேட்டாள். பகிடியாக இல்லை.

நான் பேனையை மேசையில் வைத்தேன்.

"தெரியாது, பிள்ளை."

"உங்களுக்கே தெரியாததை அவைக்கு ஏன் தெரிய வேணும்?"

கேட்டுவிட்டுப் பிள்ளை தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டது. நான் படிவத்தை அப்படியே கவிழ்த்து வைத்தேன். அழுக்குத் துணி மண்டபத்தின் மணம் அப்போதே மூக்கில் அடித்தது. ஆனாலும் அந்தக் கேள்வியை ஒரு கந்தோர் அலுமாரிக்குள் வைத்துப் பூட்ட எனக்கு மனமில்லை. அது இன்னும் என் வீட்டிலேயே வளர்ந்து முடியவில்லை.

"அப்ப சண்டைதான். பிரெஞ்சிலை பேச எனக்குச் சொல்லித் தா" என்றேன்.

என் பிரெஞ்சு பற்றி ஒரு வார்த்தை. அந்த மொழியிலும் நம்மைப்போல நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. நான் முதலாளியை நீ என்றும் அவருடைய நாயை நீங்கள் என்றும் கூப்பிட்டவன். நாய் மட்டும் மரியாதையாகப் பதில் சொன்னது.

"சொல்லித் தாறன். ஆனால் சும்மா இல்லை" என்றாள் ஷெரின். "நேற்று நான் எங்கை நிண்டனான்?"

"நூலகத்திலை. பிறகு ஆத்தங்கரைப் பக்கம் ஒரு கோப்பிக் கடை. கன நேரம்."

சொன்ன பிறகுதான் பொறியில் கால் வைத்தது விளங்கியது. அவள் பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்தில் நான்தான் அவளுடைய போனில் ஒரு செயலியைப் போட்டுவிட்டேன். அவள் எங்கே நிற்கிறாள் என்று என்னுடைய போனில் நீலப் பொட்டாகத் தெரியும். வான் ஓடாத நேரமெல்லாம் நான் அந்தப் பொட்டைத்தான் பார்ப்பேன்.

"பாத்தியளோ! அந்தப் பெட்டி உங்களுக்குச் செய்யிறதைத்தானே நீங்கள் எனக்குச் செய்யிறியள்?"

"நான் உன்ரை அப்பா!"

"பெட்டி வைச்சவர் உங்கடை முதலாளி."

"அவைக்கு நாங்கள் ஆக்களை அடிச்சுப்போடுவம் எண்ட பயம். நான் பயத்திலை…"

சொல்ல வந்ததை விழுங்கினேன். நானும் பயத்தில்தான் பார்க்கிறேன். பனியில் வழுக்கி விழுவாளோ, யாரும் பின்னால் வருவார்களோ, ஒரு நாள் தமிழே பேசாத ஒருவனோடு வந்து நிற்பாளோ. கடைசிப் பயத்துக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க ஏலாது என்பது எனக்கே தெரியும்.

பிறகு பேசாலைக் கரையில் மீன் ஏலம்போலப் பேரம் நடந்தது. அழிக்கச் சொன்னாள், மாட்டேன் என்றேன். நானும் இறங்கி அவளும் இறங்கிக் கடைசியில் இரண்டு நிபந்தனையில் முடிந்தது. முதலாவது, சொன்ன நேரம் தாண்டியும் வராமல், போனும் எடுக்காமல் இருந்தால் மட்டுமே பார்க்கலாம். இரண்டாவது, நான் பார்த்த அந்த நிமிடமே "அப்பா பார்த்தார்" என்று அவளுக்குச் செய்தி போக வேண்டும். அந்தச் செயலியில் அதற்கு இடமுண்டாம், அவளே செய்து வைத்தாள்.

"என்னைப் பாக்கிற ஆளை நானும் பாக்க வேணுமெல்லோ, அப்பா."

இவளை வளர்த்தது நானா என்று எனக்குள் ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது.

4

விசாரணைக்கு முதல் நாள் ஆறுதலுக்கு மன்னாருக்குப் போன் எடுத்தேன். சில்வேஸ்டர் இப்போது கொண்டக்டர் இல்லை. சொந்தமாகப் பஸ் வைத்திருக்கிறான், முதலாளி.

"மச்சான், இஞ்ச என்னைக் கமரா வைச்சுப் பாக்கிறாங்கள்."

"நானும் பூட்டியிருக்கிறன், மச்சான்! பஸ்ஸுக்குள்ளை. வீட்டிலையிருந்து போனிலை டிரைவரைப் பாப்பன்."

"அட பாவி, நீயுமோ? எதுக்கடா?"

"புதுப் பெடியன் ஒருத்தனைப் போட்டனான். அவன் சுருவத்தடியிலை கும்பிடுறானில்லை எண்டு சனம் முறைப்பாடு. அவன் கும்பிடுறன் எண்டு சாதிக்கிறான். அதுதான் பூட்டிப் பாத்தனான்."

"பிறகு?"

"கும்பிடுறான்தான். ஆனால் கையை இப்பிடிச் சின்னனா, சட்டைப் பொத்தானைத் தொடுறமாதிரி. காதலி முன் சீற்றிலை வாறாளாம். அவளுக்கு முன்னாலை வெக்கமாம்!"

"நீ அதை ஆருக்கும் சொன்னனியோ?"

"முழு ஊருக்கும் சொல்லியாச்சு."

பாவம் அந்தப் பெடியன். நான் வயிறு நோகச் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன், அந்தப் பெடியனும் எங்கேயோ இருந்து தன் கூட்டாளிக்கு இதை எழுதிக்கொண்டிருப்பான், சிரிப்பில்லாமல்.

5

விசாரணை அறையில் மூன்று பேர். எங்கள் மேற்பார்வையாளர் டெனி ஐயா, மிஷலீன், நான். டெனி ஐயா இந்த ஊர்க்காரர், ஓய்வுபெறக் கிட்டின வயசு. கெட்ட மனிசர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கதிரையில் இருந்தவுடனே அவர் சொன்ன முதல் வசனம் இது:

"யூட், அந்தச் சைக்கிள் பெடியன்ரை தாயோடை ஆஸ்பத்திரியிலை இருந்து கதைச்சது நான்தான். இன்னொரு தாயோடை எனக்குக் கதைக்க ஏலாது. அதுக்குத்தான் பெட்டி."

ஷெரின் சொல்லித் தந்த பிரெஞ்சு வசனமெல்லாம் அந்த இடத்திலேயே ஆவியாகிவிட்டது. அவர் சொல்வது நியாயம். நீலப் பொட்டைப் பார்க்கிறவனுக்கு அது விளங்காமலிருக்குமா?

திரையில் படங்கள் ஓடின. என் கை எழும்பியது, இறங்கியது, எழும்பியது. சுவர் ஏறி விளையாடுகிற இடத்துக்கும் பக்தியோடு ஒரு சிலுவை போட்டது. டெனி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது போன் இல்லை."

"இல்லை. சிலுவை" என்றாள் மிஷலீன். "வடிவாப் பாருங்கோ, இடக்கை ஸ்டியரிங்கிலை இருக்கு. ஒரு படத்திலையாவது விட்டிருக்கிறாரோ?"

நான் நடுவே புகுந்து, எங்கள் நாட்டில் இதே வேலையை ஸ்டியரிங்கில் ஒரு கையும் இல்லாமல் செய்வேன் என்று பெருமையாகச் சொன்னேன். மிஷலீன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நல்ல பாரமான சப்பாத்து.

"அப்ப அலுவல் லேசு. படிவத்தை நிரப்பித் தாங்கோ. மெசினுக்குச் சொல்லிவிடலாம்" என்றார் டெனி ஐயா.

"ஏலாது."

"ஏன்?"

"கடைசிக் கேள்விக்கு மறுமொழி எனக்குத் தெரியாது. ஆம் எண்டு போட்டால் பொய்யாகலாம். இல்லை எண்டு போட்டால் அதுவும் பொய்யாகலாம். அது முடிவாகிற வரைக்கும் எனக்குள்ளை கிடக்கட்டும்."

"நிரப்பாட்டி நான் உங்களை வீதியிலை விட ஏலாது, யூட். மெசின் திங்கள் உங்களைத் தானாகவே நிப்பாட்டிவிடும். மண்டபத்துக்குத்தான் போக வேணும்."

மிஷலீன் வாய் திறக்க முன் நான் பேசத் தொடங்கிவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வசனத்தில் பாதி பிழை, ஆண்பால் பெண்பால் எல்லாம் கலந்து கிடந்தது. ஆனால் வந்தது! என் மகளின் போனைப் பற்றிச் சொன்னேன். நீலப் பொட்டைப் பற்றி, பேரத்தைப் பற்றி, இரண்டு நிபந்தனையைப் பற்றிச் சொன்னேன்.

"பெட்டி இருக்கட்டும், ஐயா. கத்தட்டும். எனக்குக் கத்தட்டும், நான் கவனிப்பன். படம் வானுக்குள்ளையே கிடக்கட்டும். வான் எங்கையும் முட்டினால், இல்லாட்டி டக்கெண்டு பிரேக் பிடிச்சால் எடுத்துப் பாருங்கோ. ஆனால் ஆர் பாத்தது எண்டு எனக்குத் தெரிய வேணும், பெயரோடை. ஆளைத் தெரிஞ்சால் நான் போய் விளக்கம் சொல்லுவன். மெசினுக்கு நான் என்ன விளக்கம் சொல்ல?"



"உங்கடை மகள் எங்கை வேலை செய்யிறா?" என்று கேட்டார் டெனி ஐயா.

"படிக்கிறா."

"முடிச்சவுடனை இஞ்ச அனுப்புங்கோ."

பிறகு அவரும் மிஷலீனும் நெடுநேரம் பேசினார்கள். மேலிடத்துக்குப் போன் எடுத்தார்கள். கடைசியில் சரி வந்தது. எனக்கு மட்டுமில்லை, எல்லா வானுக்கும்! படம் வானிலேயே இருக்கும். காரணம் இருந்தால்தான் திறப்பார்கள். திறந்தவரின் பெயர் சாரதிக்கு வரும். சில மாதம் இப்படி ஓடிப் பார்த்துவிட்டு மறுபடி பேசுவதென்று முடிவு. பதிலுக்கு என்னிடமும் ஒன்று கேட்டார்கள். பக்கத்தில் சைக்கிளோ ஆளோ நின்றால் வலக்கை ஸ்டியரிங்கை விட்டு அசையக் கூடாது. ஒத்துக்கொண்டேன். சைக்கிள்காரருக்கு வழிவிட்டால் அந்தோனியார் கோபிக்க மாட்டார். கோபித்தால் திரும்பி வந்து கும்பிடலாம், பழக்கம் உண்டு.

மிஷலீன் முதலில் வெளியே போனாள். நான் எழும்பினேன். டெனி ஐயா மடிக்கணினியை மூடினார். குரலும் மாறியது.

"என்ரை அம்மாவும் இப்பிடித்தான். பஸ்ஸிலை கோயிலைக் கண்டால் கை எழும்பும். எனக்கு அப்ப வெக்கமா இருக்கும்." கதிரையை என் பக்கம் திருப்பினார். "யூட், கந்தோருக்கில்லை, சும்மா எனக்குச் சொல்லுங்கோ. நம்பிறியளோ, இல்லையோ?"

அன்பாகத்தான் கேட்டார். நானும் கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொல்லியே வளர்ந்தவன். அட்டை கேட்டால் அட்டை, பெயர் கேட்டால் பாட்டன் பெயரும் சேர்த்து. வாய் திறந்துவிட்டது. ஆனால் வெளியே வந்தது வேறு வசனம், இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத பிரெஞ்சில், "நீங்கள்" போட்டு:

"மன்னிக்க வேணும் ஐயா, அது என்ரை சொந்த விசயம்."

அவருக்கு முகம் சிவந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

"ஓம். சரிதான். நான் கேட்டிருக்கக் கூடாது." வான் திறப்பை எடுத்து நீட்டினார்.

படியால் இறங்கி வரும்போது கால் நிலத்தில் படவில்லை. ஒரு அதிகாரி கேள்வி கேட்டு, நான் பதில் சொல்லாமல், அவர் மன்னிப்பும் கேட்டு, திறப்பும் தந்து! பேசாலையில் பிறந்த ஒருவனுக்கு இப்படியும் நடக்குமா? வானில் ஏறி அந்த வசனத்தைச் சத்தமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். பெட்டி கத்தவில்லை. பேசுவதற்குத் தடையில்லையாம்.

அதே சந்தோசத்தில் வயோதிபர் இல்லத்தின் பின்கதவில் போய் நிறுத்தினேன். அங்கே பொறுப்பாக இருக்கிற தாதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் இவ்வளவு பிந்தினது?"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், "அது என்ரை சொந்த விசயம்."

தாதி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குப் பின்னால் மண்டபத்தில் வயசானவர்கள் வரிசையாகச் சக்கர நாற்காலியில் காத்திருந்தார்கள். கட்டில்கள் வெறும் மெத்தையோடு கிடந்தன.

"இல்லை, இல்லை" என்றேன். "இது உங்கடை விசயம். கந்தோரிலை கூட்டம், அதுதான் பிந்தினது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அப்ப இறக்கும், கெதியா."

இறக்கினேன். அன்றைக்கு விரிப்பு மூட்டைகள் பஞ்சுபோல இருந்தன. முதல் கட்டிலை விரிக்க நானே கூட நின்று உதவி செய்தேன். நாற்காலியிலிருந்த கிழவர் ஒருவர் என்னைக் காட்டித் தாதியிடம் கேட்டார், "இந்த ஆள் ஏன் தன்ரைபாட்டிலை சிரிக்குது?"

தாதி தோளைக் குலுக்கினார். "எனக்கென்ன தெரியும்? அது அவரின்ரை சொந்த விசயம்."